வீல்சேரில் வெளியே போனால் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். எனக்கு அதிகம் நடப்பது இதுதான்: பின்னாலிருந்து யாரோ வந்து நாற்காலியைத் தள்ள ஆரம்பித்துவிடுவார்கள். முகமும் தெரியாது, ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டார்கள், நான் இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டிருக்கும் சக்கரம் திடீரென்று என் கையை மீறி ஓடும். சமீபத்தில் ஒரு சரிவுப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தேன். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் ஒழுங்காகக் கட்டிய சரிவு, மெதுவாகப் போனால் நானே ஏறிவிடுவேன். பாதி வழியில் ஒருவர் கைப்பிடியைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினார். சக்கரத்தின் வளையத்தைப் பிடித்திருந்த என் கட்டைவிரல் டயருக்கும் பிரேக் கம்பிக்கும் நடுவில் மாட்டி நகம் பெயர்ந்துவிட்டது. "விடுங்க, விடுங்க" என்று நான் கத்துகிறேன், அவரோ "பரவாயில்லைம்மா, எனக்கு ஒண்ணும் சிரமமில்லை" என்கிறார். மேலே கொண்டுபோய் விட்டவர், நான் நன்றி சொல்லவில்லை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, எனக்கும் தெரியும். ஆனால் ரோட்டில் நடந்துபோகும் ஒருவரைப் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து யாராவது நகர்த்துவார்களா? கையால் உருட்டும் நாற்காலிகளில் பலவும் எடை குறைந்தவை, பின்பக்கமாகக் கொஞ்சம் இழுத்தாலே மல்லாக்கச் சாய்ந்துவிடும். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம் ஒரு விரிசலில் சிக்கினால் போதும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் போய் விழுவார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு, தள்ளுகிற வேகத்தில் கால் நழுவித் தரையில் உரசினால்கூடத் தெரியாது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் ரத்தத்தைப் பார்ப்போம்.

* * *

அக்கா சொன்ன அந்தக் கட்டைவிரல் வலி எனக்கும் பழக்கம்தான். அதைவிட எனக்கு அதிகம் வலிப்பது, என்னிடம் பேசாமல் என் மனைவியிடம் பேசுவது. சாப்பிடப் போனால் "சாருக்கு என்ன வேணும்?" என்று அவளைப் பார்த்துக் கேட்பார்கள். சார் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், மெனு அட்டையும் அவர் கையில்தான் இருக்கிறது. போன வாரம் பில்லுக்கு என் கார்டைக் கொடுத்தேன், வாங்கிப்போனவர் திரும்பி வந்து கார்டையும் ரசீதையும் அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. "அவரோடது, அவர்கிட்ட கொடுங்க" என்றாள். அப்போதும் அவர் என் கையில் தரவில்லை, மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இது எங்கள் இருவருக்கு மட்டும் நடப்பதில்லை. பிபிசி வானொலியில் மாற்றுத்திறனாளிகளுக்காக 1977 முதல் 1998 வரை ஒரு நிகழ்ச்சி வந்தது, அதன் பெயரே 'இவர் சர்க்கரை போட்டுக்கொள்வாரா?' என்பதுதான். கூட வந்தவரிடம் கேட்கிற அதே கேள்வி.

* * *

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளையையும் தண்டுவட நரம்புகளையும் பாதிக்கும் நோய். வீட்டுக்குள் நடப்பேன், வெளியே கொஞ்ச தூரத்துக்கு மேல் கால் ஒத்துழைக்காது, அதனால் வீல்சேர். ஒருநாள் கடையில் மேல்தட்டில் இருந்த டப்பாவை எடுக்க எழுந்து நின்றேன். பக்கத்தில் இருந்த அம்மா "ஐயோ, இது நல்லாத்தானே நிக்குது!" என்று தன்கூட வந்தவரிடம் எனக்குக் கேட்கும்படியே சொன்னார். அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் அந்தக் கடை முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து வெளியில் எழுந்து நிற்கவே தயக்கமாக இருக்கிறது. முடிகிற வேலையையும் முடியாதவளாக உட்கார்ந்தே சமாளிக்கிறேன். வீல்சேரில் இருக்கும் எல்லோருக்கும் கால் அடியோடு வராது என்று யார் சொன்னது? இதய நோய்க்காரர்கள், நுரையீரல் பாதித்தவர்கள், இளம்பிள்ளை வாதம் வந்து வயதான பிறகு தசை தளர்ந்தவர்கள், இவர்களிலும் பலர் கொஞ்சம் நடப்பார்கள்.

லிஃப்ட் பற்றியும் சொல்லணும். கதவு திறக்கும், நடக்க முடிந்தவர்கள் எல்லாம் முதலில் ஏறிக்கொண்டு "அடுத்ததுல வாங்க" என்பார்கள். அடுத்ததிலும் அதேதான்.

* * *

எனக்குச் சின்ன வயதிலேயே போலியோ, இப்போது அறுபதைத் தாண்டிவிட்டேன். ஒருவருக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது முன்பின் தெரியாத ஒருவர் என் மடியில் பணத்தை வைத்துவிட்டு நடந்தார். கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தால் "வேண்டாம் ஐயா, வச்சுக்கோங்க, புண்ணியம்" என்கிறார். நான் வேலை பார்த்து, ஓய்வும் பெற்றவன். அதை அவரிடம் சொல்ல வேண்டிய நிலைமைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு வகை, பாராட்டுகிறவர்கள். காய்கறி வாங்கிக்கொண்டிருந்தால் "உங்க தன்னம்பிக்கையைப் பார்த்தா மெய் சிலிர்க்குது" என்பார்கள். காய்கறி வாங்கத் தன்னம்பிக்கை எதற்கு? ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டெல்லா யங் 2014இல் ஒரு மேடையில் வீல்சேரில் இருந்தபடியே இதைப் பற்றிப் பேசினார். படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு சிரித்தாலும் அது சரிவுப்பாதையாக மாறியதில்லை என்றார். தைரியத்தை மெச்சுகிறவர்கள், சரிவுப்பாதையின் வாயில் பைக்கை நிறுத்தாமல் இருந்தால் அதுவே எனக்குப் பெரிய உபகாரம்.

குழந்தைகளிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரு பையன் நேராக வந்து "தாத்தா, இதுக்கு பிரேக் இருக்கா?" என்று கேட்டான். அவன் அம்மா பதறி "அப்படியெல்லாம் கேக்கக் கூடாது" என்று கையைப் பிடித்து இழுத்தார். இருக்கட்டும்மா என்று சொல்லி, பிரேக்கைப் போட்டு, "இப்ப தள்ளிப் பாரு" என்றேன். தம் கட்டித் தள்ளினான், நகரவில்லை. பிரேக்கை எடுத்துவிட்டு நானே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். பின் சக்கரம் பெரிதாகவும் முன் சக்கரம் சின்னதாகவும் ஏன் இருக்கிறது என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குள் அவன் அம்மாவும் பக்கத்தில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இழுத்துக்கொண்டு போயிருந்தால், இவர்களைப் பார்த்தால் ஒதுங்கிப் போக வேண்டும் என்பதைத்தான் அந்தப் பிள்ளை கற்றிருக்கும்.

* * *

நான் வீல்சேர் பயன்படுத்துபவன் இல்லை, எல்லாவற்றையும் படித்தேன். ஒரு சந்தேகம். நிஜமாகவே ஒருவர் ஏற முடியாமல் திணறுவதைப் பார்த்தால் என்ன செய்வது? கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று பயந்து பல தடவை பேசாமல் போயிருக்கிறேன்.

* * *

தம்பி, தாராளமாகக் கேளுங்கள். பின்னாலிருந்து வேண்டாம், முன்னால் வந்து முகம் பார்த்து "உதவி வேணுமா?" என்றால் போதும். வேண்டாம் என்றால் "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, எனக்கு அன்றைக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். வேண்டும் என்றால் "எங்க பிடிக்கணும்?" என்று கேளுங்கள். இது ரொம்ப முக்கியம். கை வைக்கும் பகுதியும் கால் வைக்கும் பலகையும் பல நாற்காலிகளில் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கும், அவற்றைப் பிடித்துத் தூக்கினால் அது தனியாகக் கையோடு வரும், நாங்கள் கீழே கிடப்போம். நடைபாதையின் உயரமான ஓரத்திலிருந்து இறக்கும்போது பலருக்கும் பின்பக்கமாகத் திருப்பி, பெரிய சக்கரத்தை முதலில் இறக்குவதுதான் பத்திரம். ஆனாலும் அவரவருக்கு ஒரு முறை இருக்கும், அவர் சொல்கிறபடியே செய்யுங்கள்.

ஒரு தடவை ஒரு பெண் இப்படித்தான் கேட்டுக் கேட்டு என்னை மூன்று படி இறக்கிவிட்டார். இறங்கி முடித்ததும் சட்டென்று கையை எடுக்கவில்லை, "இப்ப விடவா?" என்றார். நான் பிரேக்கைப் போட்டுவிட்டு "விடுங்க" என்றேன், விட்டார்.