தொந்தரவில்லாத இரண்டு மணி நேரம் வேண்டும், வழி சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். தனி ஆளாகத் தையல் தொழில் செய்கிறேன். ஆர்டர் எடுப்பது, வெட்டுவது, தைப்பது, கணக்கு, பாக்கி வசூல் எல்லாம் நானேதான். துணியை விரித்துக் கத்தரியை எடுத்தால் போதும், போன் அடிக்கும். பேசிவிட்டு வந்தால் எங்கே நிறுத்தினேன் என்பதே மறந்திருக்கும். போன வாரம் அப்படித்தான் ஒருவருடைய கை அளவை இன்னொருவர் துணியில் வெட்டிவிட்டேன். மூன்று ராத்திரி சரியாகத் தூங்காததும் ஒரு காரணம். (துணிக்கு ஈடு கொடுத்தது தனிக் கதை.)

வாட்ஸ்ஆப் பிசினஸில் வேலை நேரம் போட்டு, தானாகப் பதில் போகும்படி வைத்துவிட்டேன். ஆனால் நேரடியாக அழைப்பவர்களை என்ன செய்வது? 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்னும் பொமோடோரோ முறை கணக்கு எழுத ஒத்துவருகிறது. வெட்டும் வேலைக்குச் சரிப்படவில்லை, பாதியில் எழுந்தால் துணி நகர்ந்துவிடுகிறது.

உதவியாள் இல்லாமல் தொழில் செய்பவர்கள் யாராவது தினமும் இரண்டு மணி நேரம் போனை அணைத்து வைக்கிறீர்களா? வாடிக்கையாளரிடம் எப்படிச் சொன்னீர்கள்? கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டா? அப்புறம், வாரத்தில் ஒரு நாள் முழுசாக மூடுபவர்கள் எந்தக் கிழமையை எடுத்தீர்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். அறிவுரை வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது. நீங்கள் செய்து பார்த்ததைச் சொன்னால் போதும்.