நேரச் சுருக்கமா, நேரப் பிழிவா?

வணக்கம் ஐயா, விளம்பரத்துக்கு இடம் பண்ண டிவி நிகழ்ச்சியைக் கொஞ்சம் வேகமா ஓட்டி நேரத்தை மிச்சம் பிடிக்கறாங்களே, ஆங்கிலத்துல 'டைம் கம்ப்ரஷன்', அதுக்குத் தமிழ்ச்சொல்லா நேத்து நீங்க 'நேரச் சுருக்கம்'னு போட்டிருந்தீங்க, எனக்கும் முதல்ல அதுதான் தோணுச்சு, ஆனா சுருக்கம்னு படிச்சதும் கதையைக் குறைச்சுட்டாங்கன்னுதானே நினைப்பாங்க? காட்சியைத் தூக்கினா அது வெட்டு, நம்ம சேனல்ல பாட்டை எடுத்துட்டு படம் போடறாங்களே அது மாதிரி, அதுக்குப் புதுச்சொல்லே வேண்டாம். இது வேற. ஒரு வசனம்கூட போகாது, மொத்தத்தையும் கொஞ்சம் வேகமா ஓட்டிடுவாங்க.

2015-ல அமெரிக்காவுல இது பெரிய பேச்சாச்சு. டிபிஎஸ் சேனல் மறு ஒளிபரப்பு பண்ணின 'சைன்ஃபெல்ட்'ங்கற காமெடித் தொடரோட எபிசோடை பழைய ஒளிபரப்போட பக்கத்துல வச்சு யூடியூப்ல காட்டினாங்க, சுமார் 7 சதவீதம் வேகம். 22 நிமிஷ எபிசோடுக்கு கணக்கு போட்டா 86 விநாடி மிச்சமாகுது, 30 விநாடி விளம்பரம் கிட்டத்தட்ட மூணு. குரல் கீச்சுன்னு ஆகாம சுருதியைத் திரும்ப இறக்கி வச்சிடறதால தனியா பாக்கறப்ப பிடிபடாது.

இன்னொரு வழி, பிரைம் இமேஜ் கம்பெனியோட 'டைம் மெஷின்'ங்கற கருவி. அடுத்தடுத்து ஒரே மாதிரி வர ஃப்ரேம்ல ஒண்ணை எடுத்துடும். ஆள் அசையாம நிக்கற இடம், பதில் சொல்லாம முழிக்கற இடம், அங்கதான் கை வைக்குது. காமெடிக்கு உயிரே அந்த மௌனம்தானே ஐயா, நடிகர் அளந்து விட்ட இடைவெளி அது, அதைத் திருடறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.

அதான் 'நேரப் பிழிவு'ங்கறேன். கரும்பு மெஷின்ல முழுக் கரும்பும் உள்ள போய் முழுசா வெளிய வருது, சாறு மட்டும் இருக்காது. வினையாவும் நல்லா வளையுது பாருங்க: பிழிஞ்ச எபிசோட், பிழியாத எபிசோட், 7 சதவீதப் பிழிவு. இதுக்கு 'அமுக்கம்'னு சொல் சொன்ன நண்பருக்கு, இலங்கைப் பாடப்புத்தகத்துல அது பிரஷர், அதனால குழப்பும். பிழிவுக்கு சாரம்னு ஒரு பொருள் உண்டு, 'கருத்துப் பிழிவு'ன்னு எழுதறோம், அது உறுத்தினா 'நேரம் பிழிதல்'னு வச்சுக்கலாம்.

ஒரே ஒரு சிக்கல். விநாடிக்கு 24 ஃப்ரேம்ல எடுத்த சினிமாவை விநாடிக்கு 25 ஃப்ரேம் காட்டற 'பால்' (PAL) ஒளிபரப்பு முறை டிவியில 25-ஆ ஓட்டுவாங்க, அதுலயும் 4 சதவீதம் வேகம் ஏறும். ஆனா அது விளம்பரத்துக்காக இல்ல, அந்த முறையோட தேவை. அதுக்கு 'வேகக்கூட்டல்' போதும், பிழிவுல சேக்க வேண்டாம்னு நினைக்கறேன், நீங்க என்ன சொல்றீங்க ஐயா?