உதவி: பாம்பு முட்டை குழி விழுது, டெம்பரேச்சர் 32-லதான் இருக்கு

செந்தூல்காரன் | இரவு 11:38
அண்ணன்மாரே அவசரம். முட்டையெல்லாம் குழி விழ ஆரம்பிச்சிருச்சு. டெம்பரேச்சர் 32-லதான் ஓடுது, தெர்மோஸ்டாட் புதுசு. ஈரப்பதம் மீட்டர்ல 90க்கு மேல காட்டுது. மூடியெல்லாம் வேர்த்து ஊத்துது, அப்புறம் எப்படி முட்டை காயும்? தண்ணி தெளிக்கவா வேணாமா? சீக்கிரம் சொல்லுங்க லா, காலைல வேலைக்குப் போகணும்.

கெப்போங் மணி | இரவு 11:44
என்ன பாம்பு தம்பி?

பத்துமலை பையன் | இரவு 11:45
என்ன பாம்பு, எத்தனை நாள் ஆச்சு, எதுல வெச்சிருக்கே, படம் எங்கே? ஒண்ணுமே சொல்லாம காப்பாத்துன்னா எப்படி பாஸ்.

பட்டர்வொர்த் வாசி | இரவு 11:51
தெர்மோஸ்டாட், ஹீட் மேட் எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு சூடு? நான் ஐஸ்கிரீம் டப்பாவுல போட்டு அலமாரி மேல வெச்சேன், எல்லாம் ஜம்முன்னு பொரிச்சிச்சு. கரண்டு பில்லும் மிச்சம்.

ஊர்வன முதல்வன் | இரவு 11:58
இதே வினா இங்கே ஆண்டுக்கு நான்கு முறை எழுகிறது. கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் புரட்டும் பழக்கம் நம்மவர்களுக்கு வருவதே இல்லை. முட்டைக்கு அடியில் இடும் வெர்மிகுலைட் எனும் கனிமத் துகளையும் தண்ணீரையும் எடைக்கு எடை கலக்க வேண்டும். கோப்பையால் அளப்பது சமையலுக்குச் சரி. நீங்கள் கோப்பையால்தான் அளந்திருப்பீர்கள். அதுவே காரணம்.

கெப்போங் மணி | காலை 12:03
இன்னும் பாம்பே என்னன்னு தெரியல, அதுக்குள்ள தீர்ப்பா?

செந்தூல்காரன் | காலை 12:10
சாரி. பால் பைதான் (ball python), சின்ன வகை மலைப்பாம்பு. 5 முட்டை, ஒட்டிக்கிட்டு ஒரே கொத்தா இருக்கு. மூணு வாரம் தாண்டியிருக்கும். மீன் கடை பாலிஸ்டிரீன் பெட்டி, அடியில ஹீட் மேட், அதுமேல டப்பா. படம் போட்டிருக்கேன்.

பத்துமலை பையன் | காலை 12:14
மூணு வாரமா? அப்போ குழி விழ இது ரொம்ப சீக்கிரம். கடைசி ஒண்ணு ரெண்டு வாரத்துல குழி விழுந்தா கவலைப்பட வேணாம், குட்டி வெளிய வர்றதுக்கு முன்னாடி அப்படித்தான் ஆகும். 55லேர்ந்து 60 நாள் கணக்கு இதுக்கு. இப்போவே விழுந்தா ஈரம் பத்தலன்னு அர்த்தம். இல்லாட்டி கரு செத்திருக்கும். இருட்டுல போன் லைட்டை முட்டை ஓரமா வெச்சுப் பாரு, சிவப்பா நரம்பு ஓடுதா? திருப்பாம பாரு!! மேல் பக்கத்துல பென்சில் கோடு போட்டிருக்கே இல்ல?

செந்தூல்காரன் | காலை 12:21
கோடு இருக்கு. நரம்பு நாலுல நல்லா தெரியுது. ஒண்ணு மஞ்சளா மெழுகு மாதிரி இருக்கு, அது ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான்.

பத்துமலை பையன் | காலை 12:23
அது கருவே பிடிக்காத முட்டை. மத்ததோட ஒட்டியிருந்தா பிய்க்காதே, அப்படியே விடு.

பினாங்கு புலி | காலை 12:30
32 வெச்சா எல்லாம் பெட்டையாத்தான் பொறக்கும். ஆண் வேணும்னா 30க்கு இறக்குங்க.

பத்துமலை பையன் | காலை 12:32
அது ஆமைக்கும் முதலைக்கும் பாஸ். பைதானுக்கு ஆணா பெண்ணாங்கிறது கருவுலயே முடிவு. சூட்டை மாத்தி நீங்க ஒண்ணும் பண்ண முடியாது, குட்டியைக் கோணலாக்கலாம், அவ்வளவுதான்.

செராஸ் அக்கா | காலை 12:41
தம்பி, படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். டப்பா நேரா ஹீட் மேட் மேலயே உட்கார்ந்திருக்கு. தெர்மோஸ்டாட்டோட சூடு பார்க்கிற கம்பி டப்பாவுக்கு வெளிய, பெட்டி மேல் மூலையில தொங்குது. ரெண்டு கேள்வி. இது எந்த ரூம்? ராத்திரி ஏர்கோன் போடுவியா?

செந்தூல்காரன் | காலை 12:44
என் ரூம்தான்கா. ஏர்கோன் 18ல. அதான் பெட்டிக்குள்ள 32 காட்டுதே?

செராஸ் அக்கா | காலை 12:56
கம்பி இருக்கிற மூலையில 32. முட்டை அங்கேயா இருக்கு?

ஏர்கோன் காத்துல பெட்டி மேல்பக்கம் குளிர்ந்து போகுது. கம்பி அதைப் பார்த்துட்டு இன்னும் சூடு கேட்குது, மேட் விடாம எரியுது. டப்பா அடி பொரியுது. வெர்மிகுலைட்ல இருந்த தண்ணியெல்லாம் அடியிலேர்ந்து ஆவியா ஏறி, குளிர்ந்த மூடியில போய் உட்கார்ந்துக்குது. உன் ஈரப்பத மீட்டரும் மேல இருக்கிறதால 90 காட்டத்தான் செய்யும். முட்டை பக்கத்துல விரலை விட்டு ஒரு சிட்டிகை வெர்மிகுலைட் எடு. பிழிஞ்சா உருண்டையா நிக்கணும், சொட்டக் கூடாது. உதிர்ந்து விழுந்தா நான் சொன்னதுதான்.

ஊர்வன முதல்வன் | காலை 1:02
எடைக்கு எடை கலந்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

செராஸ் அக்கா | காலை 1:05
சார், நீங்க தராசுல நிறுத்துக் கலந்தாலும் அடுப்பு மேல வெச்சா வத்தத்தான் செய்யும்.

பட்டர்வொர்த் வாசி | காலை 1:09
அதைத்தானே நான் சொன்னேன், சூடே வேணாம்னு. என்னுது எல்லாம் சும்மாவே பொரிச்சிச்சு.

கெப்போங் மணி | காலை 1:11
அண்ணே உங்களது என்ன பாம்பு?

பட்டர்வொர்த் வாசி | காலை 1:13
கார்ன் ஸ்னேக்.

கெப்போங் மணி | காலை 1:16
அடப்பாவமே. அதுக்கு 26, 28 இருந்தாலே போதும், நம்ம வீட்டு அலமாரியே அதுக்கு இன்குபேட்டர்தான். பால் பைதானுக்கு 31-32 விடாம நிக்கணும். ராத்திரி 24க்கு இறங்கும், மத்தியானம் தகரக் கூரை அடியில 35ஐத் தாண்டும், அதுல எப்படி?

பட்டர்வொர்த் வாசி | காலை 1:20
காட்டுல யாரு தெர்மோஸ்டாட் வெச்சாங்க? தாய்ப் பாம்பு சுத்திப் படுத்துக்கும், நடுங்கி நடுங்கி சூடு குடுக்கும். தாய்கிட்டயே விட்டிருக்கணும்.

ஊர்வன முதல்வன் | காலை 1:27
நடுங்கிச் சூடேற்றுவது இந்திய, பர்மிய மலைப்பாம்புகளின் வழக்கம். நியூயார்க் விலங்குக் காட்சிசாலையில் அதை அளந்து 1966ல் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். பால் பைதான் சுற்றிப் படுத்து ஈரத்தைக் காக்கும். சூட்டுக்கு அதை நம்ப முடியாது. அரைகுறையாகப் படித்துவிட்டு ஆலோசனை கூற வேண்டாம்.

பினாங்கு புலி | காலை 1:33
எங்க பாயான் லெப்பாஸ் பாம்புக் கோவில்ல எவ்வளவு பாம்பு இருக்கு, அங்க யாரு இன்குபேட்டர் வெச்சிருக்கா? சாமி காப்பாத்துது.

பத்துமலை பையன் | காலை 1:35
அங்க மரத்துல சுருண்டு கிடக்கிறது வாக்லர் விரியன் பாஸ். அது முட்டையே போடாது, குட்டி போடும். இன்குபேட்டர் வெச்சு என்ன பண்ண?

பினாங்கு புலி | காலை 1:37
கோவிலைக் கிண்டல் பண்ணாதீங்க.

பத்துமலை பையன் | காலை 1:38
கோவிலை யாரு சொன்னா? பாம்பைச் சொன்னேன்.

வாங்சா மாஜு நண்பன் | காலை 1:46
எல்லாரும் முட்டையையே பேசுறீங்க. லைசென்ஸ் இருக்கா? 2010 வனவிலங்குச் சட்டம் தெரியும்ல? பெர்ஹிலித்தான்ல, அதான் மலேசிய வனவிலங்குத் துறையில, கேட்டுட்டுத்தான் குட்டியை விக்கணும் குடுக்கணும் எல்லாம். பால் பைதான் சைட்டிஸ்னு சொல்ற உலக வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தோட இரண்டாம் பட்டியல்ல வேற இருக்கு.

பினாங்கு புலி | காலை 1:49
வந்துட்டாருப்பா ஆபீசர்.

வாங்சா மாஜு நண்பன் | காலை 1:52
மாட்டினா சிரிப்பு வராது பிரதர். பாம்பையும் தூக்கிட்டுப் போயிருவாங்க.

செராஸ் அக்கா | காலை 1:58
லைசென்ஸ் சண்டைக்குத் தனி இழை போடுங்க, நானும் வர்றேன், அவர் சொல்றது சரிதான். இப்போ அந்தத் தம்பி தூங்காம உட்கார்ந்திருக்கும்.

தம்பி, இன்னைக்கு ராத்திரியே செய்ய வேண்டியது: டப்பாவை மேட் மேலேர்ந்து தூக்கு. நாலு மூலையிலயும் பாட்டில் மூடி வெச்சு உயர்த்தினாலும் போதும், அடியில காத்து இடைவெளி வேணும். கம்பியை டப்பாவுக்குள்ள, முட்டை உயரத்துல, முட்டையைத் தொடாம வை. ஓரத்துல மட்டும் வெதுவெதுப்பான தண்ணி கொஞ்சம் ஊத்து. முட்டை மேல ஒரு சொட்டு படக் கூடாது, பூஞ்சை பிடிக்கும். மூடியைக் கொஞ்சம் சாய்ச்சு வெச்சா வேர்வை ஓரமா வழியும். பெட்டியை ஹாலுக்கு மாத்த முடிஞ்சா மாத்து. உனக்கு 18 வேணும், அதுக்கு 31 வேணும், ஒரே ரூம்ல எப்படி குடித்தனம்? ஹாலுக்கு மாத்தினப்புறம் மறுபடி டெம்பரேச்சர் பார்த்து வை, மத்தியானம் வீடு சூடாகும். 34ஐத் தொட விடாதே.

ஊர்வன முதல்வன் | காலை 2:04
பாட்டில் மூடி நல்ல யோசனை. தண்ணீரை எடை பார்த்துச் சேர்க்கவும்.

பத்துமலை பையன் | மறுநாள், மாலை 6:20
என்னாச்சு செந்தூல்?

கெப்போங் மணி | அடுத்த நாள், காலை 9:05
ஆளைக் காணோம். மேட்டர் முடிஞ்சா நம்ம ஆளுங்க திரும்பி வர மாட்டாங்க.

பட்டர்வொர்த் வாசி | அடுத்த நாள், காலை 9:40
என் கார்ன் ஸ்னேக் குட்டி படம் போடவா? ஒரு ஹீட் மேட்டும் இல்லாம பொறந்தது.

கெப்போங் மணி | அடுத்த நாள், காலை 9:42
போடுங்க அண்ணே, நீங்க போடாம விட மாட்டீங்க.

செந்தூல்காரன் | அடுத்த நாள், இரவு 10:15
ஓவர்டைம். வெர்மிகுலைட் உதிர்ந்துதான் விழுந்துச்சுக்கா. டப்பா அடியில தெர்மாமீட்டர் வெச்சேன், 34.5. தூக்கி வெச்சிட்டேன், ஹாலுக்கும் மாத்தியாச்சு. குழி கொஞ்சம் நிரம்பி மேல வந்திருக்கு, ஒண்ணு மட்டும் அப்படியே இருக்கு. நரம்பு நாலுலயும் தெரியுது. அம்மாதான் ஹால்ல பெட்டி எதுக்குன்னு கேட்கிறாங்க, மீன்னு சொல்லியிருக்கேன்.

செராஸ் அக்கா | அடுத்த நாள், இரவு 10:31
நல்லது. இனிமே தினமும் திறந்து பார்க்காதே, வாரம் ஒரு தடவை போதும், அப்போ காத்தும் மாறிக்கும். முதல் முட்டை கிழிஞ்சா இங்க எழுது. மத்ததை நீயா கத்தி வெச்சு வெட்டாதே, மஞ்சள் கரு முழுசா உள்ள இழுக்கிற வரைக்கும் குட்டி முட்டைக்குள்ளயே தலையை நீட்டிக்கிட்டு ஒரு நாள், ஒண்ணரை நாள் கூட இருக்கும். முதல் சட்டை உரிச்சப்புறம்தான் தீனி. அதுக்குள்ள அம்மாகிட்டயும் பெர்ஹிலித்தான்கிட்டயும் பேசிரு.