ஒப்பெராவும் சர்க்கஸும் ஒரே மேடையில்: கண்ணை எங்கே வைப்பது?

உட்துறைமுக வீதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் 2024 ஜனவரியில் நானும் அப்பாவும் திருகோணமலையிலிருந்து சிட்னிக்கு, என் மகளிடம் போகிறோம். அங்குள்ள ஒப்பெரா மாளிகையில் 'ஓர்ஃபியஸும் யூரிடிசியும்' பார்ப்பதற்கு அவள் மூன்று நுழைவுச்சீட்டுகள் எடுத்து வைத்திருக்கிறாள். பாடகர்களோடு சர்க்கஸ் கலைஞர்களும் சேர்ந்து நடத்தும் நிகழ்ச்சி என்கிறாள். பாட்டாலேயே நடக்கும் இசை நாடகமான ஒப்பெராவை நான் நேரில் பார்த்ததே இல்லை. சர்க்கஸ் என்றால், சிறு வயதில் கார்னிவலில் மரணக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓடியதைப் பலகை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்ததோடு சரி.

பாட்டு இத்தாலிய மொழியிலாம். அதன் பொருள் ஆங்கிலத்தில் எழுத்தாக ஓடுமாம். ஒருவர் பாட, பக்கத்தில் இன்னொருவர் மற்றவரின் தோளில் ஏறி நிற்பாராம். எழுத்தை வாசிப்பதா, பாடுபவரைப் பார்ப்பதா, ஏறி நிற்பவர் விழுந்துவிடுவாரோ என்று பதைப்பதா? கைதட்டுவது எப்போது? அப்பாவுக்கு 76 வயது. சேனையூரில் இரவிரவாகக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர். ஆங்கிலம் வேகமாக வாசிக்கமாட்டார். பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

உப்புவெளியான் எழுதியது:

அக்கா, இதே தயாரிப்பை நான் 2019இல் பிரிஸ்பேனில் பார்த்தேன். அங்குள்ள சர்க்கா என்ற குழுவும் குயின்ஸ்லாந்து ஒப்பெராவும் சேர்ந்து உருவாக்கியது. நெறியாளர் சர்க்காவின் யாரோன் லிஃப்ஷிட்ஸ். விலங்குகள், கோமாளிகள், வட்டக் கூடாரம் எதுவும் கிடையாது. இவர்கள் செய்யும் சர்க்கஸில் மனித உடலும் ஒன்றிரண்டு கயிறுகளும் மட்டுந்தான்.

கதையை முன்கூட்டியே அப்பாவுக்குச் சொல்லிவிடுங்கள், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். யூரிடிசி இறந்துவிடுகிறாள். கணவன் ஓர்ஃபியஸ் பாதாளத்துக்குப் போய்ப் பாட்டாலேயே அங்குள்ளவர்களின் மனத்தை இளக்கி அவளை மீட்கிறான். வெளியே வரும்வரை அவள் முகத்தைப் பார்க்கக்கூடாது, ஏன் பார்க்கவில்லை என்ற காரணத்தையும் சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. என்மேல் அன்பு போய்விட்டதா என்று அவள் மன்றாட, அவன் திரும்பிப் பார்க்கிறான். அவள் மறுபடியும் இறக்கிறாள். பழைய கிரேக்கக் கதை துயரத்தில் முடியும். ஆனால் இசையமைத்த குளுக், 1762இல் வியன்னாவில் இதை அரங்கேற்றியபோது, காதல் தெய்வம் வந்து அவளை எழுப்புவதாக முடித்தார்.

பாதாளக் காட்சியில் ஓர்ஃபியஸ் கெஞ்சக் கெஞ்சக் கூட்டத்தார் 'நோ!' என்று அடித்துச் சொல்வார்கள். இத்தாலியத்திலும் அந்தச் சொல்லுக்குப் பொருள் 'இல்லை' என்பதுதான், ஆகவே அப்பாவுக்கு எந்த எழுத்தும் தேவைப்படாது. முதலில் இடிபோல விழும் அந்த 'நோ' மெல்ல மெல்லத் தணிந்து வருவதை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.

தொடக்கத்தில் சிவப்பு உடை அணிந்த ஒரு பெண்ணை அந்தரத்தில் காண்பீர்கள். அவளைப் பார்த்தபோது நான் எழுத்தை மறந்துபோனேன். மறந்ததால் ஒன்றும் குறையவில்லை. ஒப்பெராவில் வழக்கமாக ஒலிபெருக்கி வைப்பதில்லை என்பதால், பாட்டு மெலியும் இடங்களில் ஒருவர் குதித்து இறங்கும் பாதச் சத்தமும் அவருடைய மூச்சும் காதுக்கு வந்தன. அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லி வையுங்கள். ஓர்ஃபியஸாகப் பாடுபவர் ஆண்தான், ஆனால் குரல் பெண் குரலின் உயரத்தில் இருக்கும். யூரிடிசியையும் காதல் தெய்வத்தையும் ஒரே பாடகி பாடுவதால், ஆளைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம்.

இடைவேளை கிடையாது, ஏறக்குறைய 80 நிமிடம். கழிப்பறைக்குப் போய்விட்டு உள்ளே போங்கள்.

பிற்பாட்டு எழுதியது:

தங்கச்சி, நான் திருகோணமலையை விட்டு எங்கும் போனவன் அல்லன். ஒப்பெராவையும் கணினித் திரையில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் அப்பாவுக்கு இது அந்நியமாக இருக்கும் என்று நினைக்கவேண்டாம்.

வடமோடிக் கூத்தில் வேடம் கட்டியவன் தானே பாடி, தானே ஆடவேண்டும். தாளக்கட்டுக்கு ஆடி முடித்தவனின் நெஞ்சு எப்படி ஏறி இறங்கும் என்பது கூத்து ஆடும் களரிக்கு அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த மூச்சை வைத்துக்கொண்டு அடுத்த அடியை நீட்டிப் பாட முடியாது. அதனால்தான் அவன் ஓர் அடியைப் பாடிவிட, கூத்தை நடத்தும் அண்ணாவியாரும் பின்னால் நின்று பாடும் பிற்பாட்டுக்காரரும் அதை வாங்கிப் பாடுகிறார்கள். அந்த இடைவெளியில் கால் தன் வேலையைச் செய்கிறது. உப்புவெளித் தம்பி சொல்வதை வைத்துப் பார்த்தால், இவர்களும் அதே மூச்சுக் கணக்கைத்தான் வேறு வழியில் தீர்த்திருக்கிறார்கள்: குரல் ஒருவருக்கு, உடல் இன்னொருவருக்கு. ஆகவே தோளில் ஏறுபவரை வேறு ஆள் என்று பாராமல், பாடுகிறவனுடைய கால் என்று பார்க்கச் சொல்லுங்கள். கண்ணை எங்கே வைப்பது என்ற கேள்வி அப்பாவுக்கு எழாது; உங்களுக்குத்தான் எழும்.

குரலைப் பற்றியும் கவலை வேண்டாம். ஆண்கள் பெண்வேடம் கட்டியதைப் பார்த்தவர் அவர். கதை தெரிந்த பிறகும் விடியும்வரை இருந்து பார்த்த தலைமுறை அது. அரிச்சந்திரன் கதையின் மயான காண்டத்தில் என்ன நடக்கும் என்று அறிந்துகொள்வதற்காக யாரும் பாயோடு போகவில்லை.

பனிக்காலம் எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். 2019 நவம்பரில் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஒப்பெரா மேடையேற்றிய, பண்டைய எகிப்திய மன்னனைப் பற்றிய 'அக்னாத்தன்' ஒப்பெராவின் நேரடி ஒளிபரப்பை ரொறன்ரோவில் ஒரு திரையரங்கில் பார்த்தேன். அதில் கண்டினி ஜக்ளிங் குழுவினர் பந்துகளை எறிந்து பிடிப்பார்கள். அதற்கு இசையமைத்த பிலிப் கிளாஸின் இசை ஒரே சிறு வடிவத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிவந்து நுணுக்கமாக மாறுவது. பந்துகளும் அப்படியே சுற்றிவந்ததால் இசையைக் கண்ணால் பார்ப்பதுபோல இருந்தது. எகிப்தின் பெனி ஹசன் கல்லறைச் சுவரில் பந்து எறியும் பெண்களின் ஓவியம் உண்டு என்பதால், அந்தச் சேர்க்கைக்கு ஒரு நியாயமும் இருந்தது. பாட்டின் பெரும்பகுதி பண்டைய மொழிகளில். சூரியனைப் பாடும் ஒரு பாடல் மட்டும் பார்ப்பவர்களின் மொழியில் வரவேண்டும் என்பது கிளாஸின் ஏற்பாடு.

குளுக்கின் இசை அப்படிச் சுற்றாது. அது ஒரு மனிதனின் துயரத்தை நேர்கோட்டில் கொண்டுபோகிறது. அங்கே வரிக்கு வரி ஒரு குட்டிக்கரணம் என்றால் எனக்கு எரிச்சல்தான் வரும். மனைவியை இரண்டாம் முறை இழந்தவன் 'யூரிடிசி இல்லாமல் நான் என்ன செய்வேன்' என்று பாடும் அந்த ஒரு பாட்டுக்காவது, அக்கா, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அழுகைதான், ஆனால் மெட்டு, மேற்கத்திய இசையில் வழக்கமாக மகிழ்ச்சிக்கு உரிய மேஜர் சுரவரிசையில் போகும். அந்த முரணை மேடையில் யார் என்ன செய்தாலும் காட்டமுடியாது.

கைதட்டும் விடயத்தில், சர்க்கஸ் பழக்கத்தில் ஒவ்வொரு சாகசத்துக்கும் கை எழும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், முடிந்ததும் தட்டலாம்.

உட்துறைமுக வீதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடச் சொன்னதை அவர் ஏற்கவில்லை. 'கால் என்று பார்' என்றதற்குச் சிரித்தார். பிறகு, "அது சரி, மத்தளம் அடிக்கிறவர் எங்கே நிற்பார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

உப்புவெளியான் எழுதியது:

மேடைக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கும் அக்கா, வாத்தியக்காரர் எல்லோரும் அதற்குள் இருப்பார்கள்; வாத்தியக் குழுவை நடத்துபவரின் தலையும் கையும் மட்டும் வெளியே தெரியும். கீழ்த்தளத்தில் இருந்தால் அதுவும் சரியாகத் தெரியாது. மகள் எடுத்த இருக்கைகள் எந்தத் தளத்தில் என்று கேளுங்கள். மாற்றமுடியுமென்றால் மேல்தளத்தில் முன்வரிசையாக எடுக்கச் சொல்லுங்கள்.