வெனிவெல் கசாயமா, மகரகம மருந்தா?

லயத்துப்பையன்:
மஸ்கெலியா சித்தப்பாவுக்கு இரைப்பையில புற்றுநோய். கெமரா விட்டு, சதை எடுத்துப் பார்த்து உறுதியாயிருச்சு. அடுத்த கிழமை மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில மருந்து ஏத்தணும். சின்னம்மா வெனிவெல், அதான் மரமஞ்சள் கட்டையைக் கொத்திப்போட்டு மூணு வேளையும் கசாயம் வைக்கிறாங்க. சட்டி அடி மஞ்சளா ஊறிப்போச்சு. "இதே போதும், மகரகம வேணாம்"ங்கிறாங்க. என்ன செய்ய?

சாயத்தண்ணி:
சின்னம்மா சும்மா சொல்லல. அந்த மஞ்சள் நிறம் பெர்பரின்ங்கிற சரக்கு. இரைப்பையில குடியிருக்கிற ஹெலிகோபாக்டர் கிருமியை ஆய்வுகூடத்துல அது அடக்குது. அந்தக் கிருமி புற்றுநோய்க் காரணின்னு 1994லயே பட்டியல்ல ஏத்தியாச்சு. பிறகென்ன?

பனிக்கூடை:
கிருமியை அடிக்கிறதெல்லாம் கட்டி வர்றதுக்கு முந்தி, அண்ணே. வந்த பிறகு கிருமி செத்தாலும் கட்டி இருக்கும். ஒரு வகை நிணநீர்ப் புற்று மட்டும் கிருமி போனா சுருங்கலாம். அதுக்கும் குடுக்கிறது அண்டிபயோட்டிக்தான். கண்ணாடித் தட்டுல மஞ்சளோட குர்குமின்கூடத்தான் புற்றுக்கலத்தைக் கொல்லுது. வாயால தின்னா ரத்தத்துல சேர்றது துளியூண்டு.

சாயத்தண்ணி:
ரத்தத்துக்கு ஏன் போகணும்? குடிச்சா நேரா இரைப்பையிலதானே விழுது!

பனிக்கூடை:
விழுறது மேல்தோல்ல. கட்டி சுவருக்குள்ள இறங்கி, நெறிக்கட்டு, ஈரல்னு போயிருந்தா கசாயம் அங்க எப்படிப் போகும்?

சாயத்தண்ணி:
சரி, உங்க ஊசி மருந்து மட்டும் எங்கிருந்து வந்துச்சு? மரத்துல இருந்துதானே? எங்கம்மாவுக்கு எட்டு மாசமா கேஸ் குளிசையைக் குடுத்தே அனுப்பினாங்க. உக்காரவச்சு வயித்தைத் தொட்டுப் பார்த்தது நாட்டு வைத்தியர்தான்.

பனிக்கூடை:
அந்த எட்டு மாசத்துக்கு நானும் பதில் சொல்ல முடியாது. அது அநியாயம். மருந்து மரத்துல இருந்து வந்ததும் மெய்தான். இரைப்பைப் புற்றுக்குக் குடுக்கிற டோசிடாக்செல், ஐரோப்பாவுல வளர்ற யூ மரத்து இலைச் சரக்கை மாத்திச் செஞ்சது. ஆனா அந்த இலையை மேய்ஞ்ச மாடு செத்துப்போகும். பிரிச்செடுத்து, மாத்தி, ஆளோட உயரம் நிறை பார்த்து அளந்ததாலதான் மருந்தாச்சு. சின்னம்மா சட்டியில இன்னிக்கு எவ்வளவு பெர்பரின், நாளைக்கு எவ்வளவு? டோசிடாக்செலை ஈரல்ல உடைக்கிற நொதியை பெர்பரின் மந்தமாக்கும். மருந்து உடம்புலயே தங்கிட்டா வெள்ளை அணு இன்னும் இறங்கும். ரெண்டையும் ஒண்ணா குடிக்கவிடாதீங்க தம்பி.

லயத்துப்பையன்:
சொல்லிட்டேன். சித்தப்பா வர்றாராம். கசாயத்தை நிப்பாட்டணும்னா டாக்டர் வாயால சொல்லணுமாம். கட்டையில ஒரு துண்டைப் பேப்பர்ல சுத்தி, கிளினிக் கொப்பியோட பேக்குல வச்சிட்டாங்க சின்னம்மா.