கே-ஜெட்ரானிக் பிளஞ்சர் இறுகிப்போன அனுபவம் இருக்கிறவங்க எழுதுங்க

கோல்ஃப்_பைத்தியம்

வண்டி முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, 1.8 லிட்டர். கே-ஜெட்ரானிக், அதாவது பாஷ்-ஓட பழைய மெக்கானிக்கல் பெட்ரோல் இன்ஜெக்ஷன். முந்தின ஓனர் டேங்க்ல பாதி பெட்ரோலோட ஷெட்டுல போட்டு மறந்துட்டார். டேங்க் கழுவுனது, பம்ப், ஃபில்டர் மாத்துனது எல்லாம் இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், விட்டுடறேன்.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ரிலேவைக் கழட்டி நேரா ஒயர் கொடுத்து பம்பை மட்டும் ஓடவிட்டேன். பம்ப் உறுமுற சத்தத்துக்கு அடியில இன்னொரு சத்தம், "ஸ்ஸ்ஸ்"னு. ஏர் வரலை, உள்ள வர்ற காத்தை அளக்கிற சென்சார் பிளேட் அது பாட்டுக்குக் கீழ உட்கார்ந்திருக்கு. ஆனா நாலு இன்ஜெக்டரும் பீய்ச்சிக்கிட்டு இருக்கு. அந்த பிளேட்டோட சேர்ந்து ஏறி இறங்கி பெட்ரோலை அளந்து விடுற பிளஞ்சர் மேலயே நின்னுபோச்சுன்னு அப்பவே புரிஞ்சுது. ஒயரைப் பிடுங்கிப் போட்டேன்.

பிளக் நாலையும் கழட்டி, காயிலை டிஸ்கனெக்ட் பண்ணிட்டு கிராங்க் அடிச்சா, மூணாவது சிலிண்டர் ஓட்டையிலிருந்து பெட்ரோல் பானெட் வரைக்கும் எகிறுது. பிளக் மாட்டியிருக்கும்போதே அடிச்சிருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிருக்கும். இன்னிக்கும் வேற எந்த வண்டியில சாவி திருப்பினாலும் அந்த "ஸ்ஸ்ஸ்" கேக்குதான்னு காது தானா போகுது.

பிளஞ்சர் உள்ள இருக்கிற ஃப்யூவல் டிஸ்ட்ரிபியூட்டரை (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரிச்சு விடுறது) இறக்கி, மேல வார்ம்-அப் ரெகுலேட்டர் (எஞ்சின் சூடாகுற வரைக்கும் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது) லைன் வர்ற ஓட்டை வழியா கார்ப் கிளீனர் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில விரலால லேசா திருகினதும் அசைஞ்சுது. வெளிய வந்த பிளஞ்சர் மேல காய்ஞ்ச வெல்லப்பாகு மாதிரி ஒரு பழுப்புப் படிவம். அசிட்டோன் தொட்ட துணியில அப்படியே கரைஞ்சு போச்சு. உங்களுக்கெல்லாம் எப்படி விட்டுச்சு?

ரொறன்ரோ_450

எனக்குப் பிளஞ்சர் இல்லை, யூனியன்தான் வில்லன், பைப்பை இன்ஜெக்டரோட பூட்டுற நட். மெர்சிடிஸ் 450 எஸ்எல், 1977. முந்தி வச்சிருந்தவர் அந்த வாகனத்தைப் பனிக்காலத்திலயும் ஓடியிருக்கிறார். இங்க றோட்டில கொட்டுற உப்பு என்ன செய்யும் எண்டு கனடாவில இருக்கிற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரு கராஜில குடுத்தனான். பக்கத்திலயே நிண்டு பாத்துக்கொண்டிருந்தன். அந்தாள் இன்ஜெக்டரை மற்றக் கையால பிடிக்காமல் ஒரே ஒரு ஸ்பனரை நட்டில போட்டுத் திருப்புறார். நட் சுத்துது எண்டு அவருக்குச் சந்தோசம். நான் பைப்பைப் பாக்கிறன், நட்டோட சேந்து இரும்புப் பைப்பும் முறுகுது. மினுக்கமான பைப்பில சரிவாய் ஒரு கோடு விழுந்துது பாருங்கோ, அது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. "நிப்பாட்டுங்கோ" எண்டு சொல்லுறதுக்குள்ள பைப் சரி. எட்டில ஒண்டு போச்சு. அதே வளைவில பழைய பைப் தேடி அலைஞ்சது தனிக் கதை.

மிச்சம் ஏழையும் வீட்டிலயே கழட்டினன். துருவுக்கு விடுற எண்ணெய் விட்டு ஊறவச்சு, இரண்டு ஸ்பனர் போட்டு, முதல்ல கொஞ்சம் இறுக்கிப்போட்டுப் பிறகுதான் இளக்கினன். இறுக்கேக்க "டிக்" எண்டு ஒரு சத்தம் வரும். அதுக்குப் பிறகு லேசா வந்திடும்.

பம்ப்_ரூம்_கோவை

கோல்ஃப் தம்பி, விரலால திருகினதும் வந்துச்சுன்னா உங்களுக்கு யோகம். எங்க பட்டறைக்கு ஒரு மெர்சிடிஸ் 280 இ வந்துச்சு. கொண்டுவந்தவரே நோஸ் பிளேயர்ல பிடிச்சு இழுத்துப் பார்த்திருக்கார். பிளஞ்சர் வெளிய வந்துச்சு, ஆனா பல்லுப் பட்ட இடத்துல ரெண்டு கீறல். லென்ஸ் வச்சுப் பார்த்தாத்தான் தெரியும். திரும்ப உள்ள விட்டா பாதியில நிக்குது. அதோட முடிஞ்சுது.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்காகச் சொல்றேன், யாரும் கேக்கலைன்னாலும். பிளஞ்சரும் அது ஓடுற பேரலும் ஜோடியா அரைச்சது, இடைவெளி மைக்ரான் கணக்கு. பேரல்ல இருக்கிற பிளவோட அகலமே 0.2 மி.மீ. தான். அந்த விளிம்புதான் பெட்ரோலை அளக்குது. அதனால உப்புத்தாள், வால்வ் கிரைண்டிங் பேஸ்ட், மெட்டல் பாலிஷ் எதையும் பக்கத்துல கொண்டுவராதீங்க. "சும்மா ரெண்டு தேய் தேய்ச்சேன்"னு சொல்றவங்க வண்டியெல்லாம் ஐடில்ல கரும்புகை கக்கும். பிளஞ்சரை மட்டும் தனியா வாங்கி மாத்தவும் முடியாது.

டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கும்போது அடியில ஒரு கையைக் குவிச்சு வச்சுக்குங்க. பிளஞ்சர் நழுவி சிமெண்ட் தரையில விழுந்து விளிம்பு நசுங்கினா அதை எடை பார்த்துத்தான் விக்கணும். ஊறவச்சும் அசையலைன்னா வார்ம்-அப் ரெகுலேட்டர் ஓட்டை வழியாவே காத்து கொடுக்கலாம், ஏன்னா அந்த ரெகுலேட்டர் வைக்கிற கண்ட்ரோல் பிரஷர் பிளஞ்சரோட தலையிலதான் உட்காரும். எஞ்சின் சூடானப்புறம் அங்க இருக்கிற பிரஷரே 3.5 பார் சுமார்தான். அதனால சைக்கிள் பம்ப் போதும். கம்ப்ரஸரை 8 பார்ல வச்சு அடிச்சா பிளஞ்சர் எங்க போய் விழும்னு எனக்குத் தெரியாது. சைக்கிள் பம்ப்னாலும் அடியில துணியைக் கட்டிட்டு அடிங்க.

இன்னொண்ணு. இறக்குறதுக்கு முன்னாடியே கோளாறு எங்கன்னு பார்த்துடலாம். கோல்ஃப் மாதிரி பிளேட் மேல தூக்குற வண்டியில, பம்பைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்திட்டு, காந்தத்தால பிளேட்டைத் தூக்குங்க. தூக்கும்போதும் இறக்கும்போதும் ஒரே இடத்துல பிடிச்சா பிளேட் அதைச் சுத்தியிருக்கிற கூம்புல உரசுது, நடுவுல வச்சு போல்ட்டை டைட் பண்ணா சரி. தூக்கும்போது மட்டும் பிடிச்சா பிளஞ்சர். பாதிப் பேர் இதைப் பார்க்காமலே டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டிடறாங்க.

ரொறன்ரோ அண்ணன் சொன்ன ரெண்டு ஸ்பேனர் ரொம்பச் சரி. ஆனா யாரும் அந்த நட்டைச் சூடாக்க கேஸ் டார்ச் காட்டிடாதீங்க. லைன்ல பெட்ரோல் காலின்னு நினைப்பீங்க, இருக்கும்.

டைப்3_ரசிகன்

எல்லாரும் கே-ஜெட் பத்தியே பேசுறீங்க. அதுக்கு முன்னாடி வந்த பாஷ் டி-ஜெட்ரானிக்ல இருக்கிறது எலக்ட்ரிக் இன்ஜெக்டர், அங்க இறுகறது வேற மாதிரி. 1967-லயே ஃபோக்ஸ்வாகன் 1600-ல வந்த சிஸ்டம்.

என் வண்டியில ரெண்டாவது இன்ஜெக்டர் வாயே திறக்கலை. கூட இருந்த நண்பர் "பேட்டரியைத் தொட்டு டக்குனு எடு, விட்டுடும்"னார். 12 வோல்ட்டை நேரா கொடுத்தா காயில் கருகிடும். அந்தக் காயில் ரெசிஸ்டன்ஸ் 2.4 ஓம் தான், வண்டியிலயே நடுவுல ரெசிஸ்டர் போட்டு 3 வோல்ட் மாதிரிதான் ஓட்டுறாங்க. அவர் ஒயரோட வந்து நிக்கிறார், நான் இன்ஜெக்டரைப் பின்னாடி மறைச்சுக்கிட்டு நிக்கிறேன்.

கடைசியில டார்ச் செல் ரெண்டை வரிசையா வச்சு, கிளீனர்ல முக்கித் தொட்டுத் தொட்டு எடுத்தோம். ரொம்ப நேரம் ஒண்ணும் இல்லை. கைவிடலாம்னு இருந்தப்போ "டிக்". அந்தச் சத்தம் விரல்ல வந்துச்சு, காதுல வரலை. நண்பர் இன்னும் "12 கொடுத்திருந்தா அப்பவே விட்டிருக்கும்"னுதான் சொல்லிக்கிட்டிருக்கார்.

ரொறன்ரோ_450

பம்ப்_ரூம் தம்பி, சைக்கிள் பம்ப் எல்லாம் சரி. ஆனா ஊற வைக்கிறதுக்கு அசிட்டோன் எண்டு கோல்ஃப்காரர் எழுதினதை அப்பிடியே விட்டிட்டீங்கள். கழட்டி எடுத்த பிளஞ்சரைத் துடைக்கலாம். முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் அதுக்குள்ள போட்டால் ஓ-ரிங் ஊதிப் பெருத்துப்போகும்.

கோல்ஃப்_பைத்தியம்

அண்ணா, துணியில தொட்டுத் துடைச்சேன்னுதான் எழுதியிருக்கேன், முக்கலை. அப்புறம் ஓ-ரிங் எப்படியும் புதுசுதான் போட்டேன். காப்பர் வாஷரும்.

பம்ப்_ரூம்_கோவை

வாஷரைப் புதுசு போட்டீங்களே, அது போதும். பழசையே திருப்பிப் போட்டுட்டு "கசியுது சார்"னு வர்றவங்கதான் எங்களுக்குச் சோறு போடுறாங்க. தம்பி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க: அந்த மூணாவது சிலிண்டர்ல பெட்ரோல் நின்னுச்சே, ஆயிலை மாத்துனீங்களா? ரிங் வழியா கீழ இறங்கியிருக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க.