நன்னீர் ஊற்றுக்கு ஒருநாள் பயணம்: எப்போது செல்லலாம்?

கேள்வி: குடும்பத்துடன் இயற்கை நன்னீர் ஊற்று ஒன்றுக்குக் காலையில் சென்று மாலையில் திரும்ப எண்ணியுள்ளோம். எந்தப் பருவம் உகந்தது? ஊற்று நீரை அப்படியே குடிக்கலாமா?

பதில் 1: நிலத்தடியிலிருந்து வரும் ஊற்று நீரின் வெப்பநிலை, அவ்வட்டாரத்தின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலையை ஒட்டிப் பெரும்பாலும் மாறாதிருப்பதால், அது கோடையில் குளிர்ச்சியாகவும் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாகவும் தோன்றும். ஆகவே கோடையே என் தேர்வு. கூட்டம் பிடிக்காதென்றால் வார நாளில் செல்லுங்கள்.

பதில் 2: குடிக்க வேண்டாம். சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளில் மழைநீர் வெடிப்புகளின் வழியே போதிய அளவு வடிகட்டப்படாமல் விரைந்து இறங்குவதால், கண்ணாடிபோல் தெளிந்த நீரிலும் கிருமிகள் இருக்கக்கூடும். கனமழைக்குப் பின் நீர் கலங்கியும் வரும். அப்போது பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

பதில் 3: ஊற்றுக்கண் நீருக்கடியில் குகையாக விரிந்திருந்தால், அதற்கான முக்குளிப்புப் பயிற்சி இல்லாதவர்கள் உள்ளே நுழையவே கூடாது.